பேய் வராத பேய்ப்படம்: டெல்டாவில் ஒரு குறும்பட இயக்குநரின் பத்து வருடங்கள்

மன்னார்குடிக்குத் தெற்கே ஓர் ஊர். அங்கிருந்து கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கும் ஒருவர் 2014 முதல் 2023 வரை ஆறு குறும்படங்கள் எடுத்தார். நான்கு பேய்ப்படம், இரண்டு அறிவியல் புனைவு. முதல் மூன்றும் போன இடம் தெரியவில்லை. நான்காவது படத்தைப் பத்துப் பேர் தேடிப் பார்த்தார்கள், ஆறாவது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நடுவில் மூன்று வருடம் கேமராவை அலமாரியில் வைத்துவிட்டுக் கல்யாணத்துக்கு மட்டும் எடுத்தார். மூன்றாவது படத்திலிருந்து நான் அவருடைய படத்தொகுப்பாளர். பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. சொன்ன தொகைகள் அவருடைய கணக்கு நோட்டில் உள்ளவை.

இதே வழியில் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்தக் கேமரா வாங்கலாம் என்றுதான். இவருடைய பத்து வருடத்தில் கேமராவால் நல்லதோ கெட்டதோ ஒன்றும் நடக்கவில்லை.

பின்னணி

டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவர். வீட்டில் மூன்று மா நிலம், ஏறத்தாழ ஓர் ஏக்கர். சம்பா மட்டும்தான் நிச்சயம், குறுவை ஆற்றில் தண்ணீர் வருவதைப் பொறுத்தது. வேலை கிடைக்காத ஒரு வருடத்தில் டவுனில் இருந்த ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்து, லைட் பிடித்து, இரண்டாவது கேமரா பிடித்து, பிறகு ஆல்பம் வேலை வரை கற்றுக்கொண்டார். 2013-ல் மச்சானிடமிருந்து பழைய கேனான் 600டி ஒன்றும் 50 எம்.எம். லென்ஸ் ஒன்றும் கைக்கு வந்தன. கேனான் 5டி மார்க் 2 வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஸ்டில் கேமராவில் சினிமா மாதிரி எடுக்கலாம் என்பது திருத்துறைப்பூண்டி வரை தெரிந்துவிட்ட காலம். தொலைக்காட்சியில் குறும்படப் போட்டி பார்த்து, அதில் வந்தவர்கள் பெரிய படம் எடுப்பதையும் பார்த்து, ஊருக்கு நாலு பேர் கிளம்பியிருந்தார்கள். இவரும் அதில் ஒருவர்.

வேலைக்கும் படத்துக்கும் நடுவே நாள்காட்டி ஒன்று தானாக அமைந்தது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. கேமரா சும்மா இருக்கும், லைட் சும்மா இருக்கும், கூடவரும் பையன்களும் சும்மா இருப்பார்கள். அதனால் இவருடைய எல்லாப் படங்களும் இந்த இரண்டு மாதங்களில் எடுத்தவை. ஆடி என்றால் காற்று, மைக்கில் இரைச்சலைத் தவிர எதுவும் விழாது. மார்கழி என்றால் விடிகாலை நாலரையிலிருந்து ஏழு வரை வயலில் பனி இறங்கியிருக்கும், புகை மெஷின் வாடகை மிச்சம். இதை ஒரு வசதியாக அவர் புரிந்துகொள்ள ஆறு வருடம் ஆயிற்று.

முதல் இரண்டு படங்கள் (2014, 2015)

வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல், கொலுசுச் சத்தம், புளியமரம். இதற்கு மேல் விவரிக்க ஒன்றுமில்லை. முதல் படம் 11 நிமிடம். டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் நண்பர்களைக் கூட்டிப் போட்டார். நாலாவது நிமிடத்தில் பேய் வந்ததும் கூட்டம் சிரித்தது. அந்தப் பெண் வேடம் கட்டியவர் இவருடைய சித்தி மகன், எல்லோருக்கும் தெரிந்த பையன். சிரிக்காமல் என்ன செய்வார்கள்.

தொழில்நுட்பத்திலும் ஒரு வேடிக்கை. வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் ஷட்டர் வேகத்தை 1/60 விநாடியில் வைத்து எடுத்திருந்தார். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 1/50-ல் அல்லது 1/100-ல் வைக்காவிட்டால் படத்தில் கறுப்புக் கோடுகள் மேலும் கீழும் நகரும். நகர்ந்தன. அந்தக் கோடுகளைப் பேயின் அறிகுறி என்று நினைத்துப் பாராட்டியவர்கள் இரண்டு பேர் உண்டு.

இரண்டாவது படத்தில் கோடு இல்லை, சிரிப்பு மட்டும் இருந்தது.

ரைஸ்மில் (2016–17)

மூன்றாவதில்தான் கையைச் சுட்டுக்கொண்டார். யோசனை நல்ல யோசனை: அரவை மில்லுக்கு நெல் மூட்டையோடு போகும் ஒருவன் முந்தின நாளுக்குள் வெளியே வருகிறான். ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு நாள் பின்னால். மூட்டையில் நெல் குறையக் குறைய அவன் வயதும் குறைகிறது. இதை நான்கு சுவரும் ஒரு மோட்டாரும் தூசியும் வைத்தே சொல்லியிருக்கலாம். அவருக்கு வாசலில் நீல நிறத்தில் சுழலும் ஓர் ஒளிவட்டம் வேண்டும் என்று தோன்றிவிட்டது.

மில்லுக்குள் கிரீன் மேட் (பின்னணியைக் கணினியில் மாற்றுவதற்கான பச்சைத் துணி) கட்டினார்கள். தவிட்டுத் தூசி படிந்து ஒரு மணி நேரத்தில் துணி பழுப்பானது. வெளிச்சம் சீராக விழவில்லை. சென்னையில் ஒரு கிராஃபிக்ஸ் பையனிடம் முன்பணம் கொடுத்து வேலை விட்டார், பாதியில் அவனுக்குப் பெரிய படத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அவனையும் குறை சொல்ல முடியாது. மிச்சத்தை நாங்களே ஒட்டவைத்தோம். படம் 24 நிமிடம். செலவு 1 லட்சத்து 80 ஆயிரம். அதில் 1 லட்சம் வட்டிக்கு வாங்கியது.

அடுத்து வெளிநாட்டு விழாக்கள். ஒரே இணையதளத்தில் பணம் கட்டி நூற்றுக்கணக்கான விழாக்களுக்கு அனுப்பலாம் என்பது அப்போது எங்களுக்குப் புதுசு. ஒரு விழாவுக்கு 25 டாலர், 40 டாலர் என்று கட்டணம். டாலர் அன்று 67 ரூபாய் பக்கம். 12 விழாக்களுக்கு 26 ஆயிரம் போனது. பதில் வர மாதக்கணக்கில் ஆகும் என்று தெரியாமல், மூன்றாவது வாரமே படத்தை யூடியூபில் போட்டுவிட்டார். ‘இணையத்தில் ஏற்கெனவே வெளியான படங்களை ஏற்பதில்லை’ என்று விதிமுறையில் எழுதியிருந்த விழாக்கள் அந்தப் பன்னிரண்டில் ஐந்து. விதிமுறையைப் படித்தது நான்தான், அதுவும் எல்லாம் நிராகரிக்கப்பட்டு வந்த பிறகு.

நீளமும் ஒரு காரணம். ஆஸ்கர் விதிப்படி 40 நிமிடம் வரை குறும்படம்தான். ஆனால் விழா நடத்துகிறவருக்கு ஒன்றரை மணி நேரத்தில் எட்டு ஒன்பது படம் அடுக்க வேண்டும். பெயர் தெரியாத ஒருவரின் 24 நிமிடத்துக்கு இடம் கொடுத்தால் மூன்று படத்தை வெளியே நிறுத்த வேண்டிவரும்.

2017 மார்ச்சில் ஒரு யூடியூப் சேனல்காரர்கள் படத்தைக் கேட்டார்கள். 15 ஆயிரம் ரூபாய். ஒரு பக்க ஒப்பந்தம். “அனைத்து உரிமைகளும்” என்ற வரி அதில் இருந்தது. வட்டி கட்ட வேண்டிய மாதம் அது. கையெழுத்துப் போட்டார். தலைப்பை மாற்றி, படத்தில் இல்லவே இல்லாத ஒரு பெண் பேயை முகப்பில் ஒட்டி வெளியிட்டார்கள். இவருடைய சொந்தச் சேனலும் அதோடு படுத்துவிட்டது. 2018 பிப்ரவரியிலிருந்து விளம்பர வருமானம் வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்று யூடியூப் விதி மாறியது. இவருக்கு 600 பேர்கூட இல்லை.

கடனைக் கல்யாண வேலையில் அடைத்தார். படம் என்ற பேச்சு நின்றது.

கஜா (2018 நவம்பர்)

நவம்பர் 16 விடிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி, முத்துப்பேட்டைப் பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. அவர் வீட்டில் 41 மரம், நின்றது 3. மின்சாரம் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. ஜெனரேட்டர் வைத்திருந்த கடையில் காசு கொடுத்து செல்போன் சார்ஜ் போட்டார்கள்.

அந்த நாட்களைப் பற்றி அவர் பின்னால் என்னிடம் சொன்னது இது. புயலுக்குப் பத்து நாள் கழித்து ஒரு ராத்திரி நல்ல காற்று அடித்தது. திண்ணையில் படுத்திருந்தார். காற்று மேலே படுகிறது, சட்டை படபடக்கிறது, ஆனால் சத்தம் இல்லை. பிறந்ததிலிருந்து காற்று என்றால் ஓலைச் சத்தம்தான். ஓலை போனதும் காற்று ஊமையாகிவிட்டது. உள்ளே படுத்திருந்த அப்பாயி எழுந்து வந்து, “மழ வர்ற மாதிரி கேட்டுச்சே, நெல்லு எதுவும் காயுதா?” என்று கேட்டிருக்கிறார். அந்த வருடம் காயப்போட நெல்லே இல்லை.

பச்சைத் தென்னோலையில் காற்று பட்டால் மழை இறங்குகிற மாதிரியே இருக்கும். தோப்புக்குள் வளர்ந்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது ஏமாந்து வெளியே ஓடியிருப்பார்கள்.

ஓலைப் படம்: எடுத்த முடிவுகளும் காரணங்களும்

2019 முழுக்க அவர் எழுதியது இரண்டே பக்கம். புயலில் தோப்பு போன ஒரு வீட்டில் கிழவி ஒருத்தி. தினமும் ராத்திரி மழைச் சத்தம் கேட்டு, காயப்போட்ட நெல்லை அள்ள வெளியே ஓடுகிறாள். மழை இல்லை. சத்தம் ஓலைச் சத்தம். ஆனால் மரமும் இல்லை. மூன்றாவது ராத்திரி, இது வெறும் ஓலைதான் என்று எழுந்திருக்காமல் படுத்திருக்கிறாள். விடிந்து பார்த்தால் நெல் நனைந்திருக்கிறது.

படத்தில் பேய் கிடையாது. இதைப் பேய்ப்படம் என்று சொல்லலாமா என்று எனக்கு அப்போது சந்தேகம் இருந்தது. படிக்கும்போது கழுத்துக்குப் பின்னால் ஏதோ செய்தது, அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

முதல் முடிவு: சத்தத்தை முதலில் எடுப்பது, படத்தை அப்புறம் எடுப்பது. ரைஸ்மில் படத்தில் சத்தத்துக்கு மொத்தமே 4 ஆயிரம்தான் ஒதுக்கியிருந்தார், அதுவும் இணையத்தில் எடுத்த இலவசச் சத்தங்கள். இந்த முறை சத்தம் பதிவதற்கான ஜூம் ரெக்கார்டர் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினார். ஊரில் தோப்பு இல்லை, அதனால் ஆடி மாதம் திருவையாற்றுப் பக்கம் போய், காவிரிக்கரைத் தோப்பு ஒன்றில் நான்கு ராத்திரி உட்கார்ந்தோம். காற்று நேராக மைக்கில் மோதினால் குமுறல் மட்டும்தான் பதிவாகும். காற்றைத் தடுக்க மைக்குக்கு மாட்டும், முடி வைத்த உறை கடையில் விலை அதிகம். அக்கா மகளின் கரடி பொம்மையைக் கிழித்து, தோலைத் திருப்பித் தைத்து மைக்குக்கு மாட்டினார். பிள்ளை இரண்டு நாள் பேசவில்லை. வேறொரு பொம்மை வாங்கிக் கொடுத்தது கணக்கு நோட்டில் 350 ரூபாய் என்று இருக்கிறது.

இரண்டாவது முடிவு, நடிகர். நாடகக்காரர்கள் இரண்டு பேரைப் பார்த்தோம், இருவரும் பயப்படுவதை நன்றாகவே நடித்தார்கள். அதுதான் பிரச்சினை. கடைசியில் பக்கத்துத் தெருவில் ஓர் அம்மாவைக் கேட்டார். அவர் கதையைக் கேட்டுவிட்டு, “ஏன்டா தம்பி, மழ பேஞ்சா நெல்ல அள்ளத்தானே ஓடணும், இதுல நடிக்கிறதுக்கு என்னா இருக்கு?” என்றார். அவரையே வைத்தோம்.

பயந்த முகம் காட்டுங்கள் என்று அவரிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. திருவையாற்றில் எடுத்த சத்தத்தை ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரில் போட்டு ஓட்டுக் கூரை மேல் ஒளித்துவைத்தார். காட்சிக்கு நடுவில் மெல்ல ஏற்றினோம். அந்த அம்மா சாக்கை மடித்துக்கொண்டிருந்தவர், கை நின்று, தலை லேசாகச் சாய்ந்து, பிறகு மேலே பார்த்தார். வெட்டில்லாமல் 40 விநாடி. படத்தின் விளம்பரப் படமாக எல்லா இடத்திலும் போனது அந்த முகம்தான். ஸ்பீக்கர் சத்தம் அந்த ஷாட்டின் லைவ் சவுண்டில் கலந்துவிட்டதால் அதைத் தூக்கிவிட்டு, சாக்கு மடிக்கும் சத்தத்தை என் வீட்டு மாடியில் மறுபடி பதிவு செய்தோம்.

மூன்றாவது, காலம். சம்பா அறுவடை தை பிறப்பை ஒட்டி வரும். சாலையில் நெல் காயும். மார்கழிப் பனியும் மிச்சம் இருக்கும். 2020 ஜனவரியில் ஆறு விடிகாலைகளில் முழுப்படமும் எடுத்தோம். விழுந்த மரங்களின் அடிக்கட்டைகள் ஒன்றேகால் வருடம் கழித்தும் அப்படியே கிடந்தன, கலை இயக்குநர் தேவைப்படவில்லை. 7 நிமிடம். மொத்தச் செலவு 38 ஆயிரம், அதில் ரெக்கார்டர் 9 ஆயிரம்.

எங்கே, எப்போது விடுவது

மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. கல்யாணங்கள் தள்ளிப்போயின, அப்புறம் 50 பேர் என்ற கட்டுப்பாட்டோடு நடந்தன. வருமானம் அடியோடு போனது. அந்த நேரத்தில் படத்தை யூடியூபில் போட்டுவிடலாம், நாலு பேர் வீட்டில் சும்மா இருக்கிறார்கள், பார்ப்பார்கள் என்று அவர் துடித்தார். நான் தடுத்தேன். நாங்கள் உண்மையில் சண்டை போட்டது இந்த ஒரு விஷயத்துக்குத்தான், மூன்று வாரம் பேச்சு இல்லை.

கடைசியில் ஒப்புக்கொண்டது இப்படி: ஒரு வருடம் எங்கும் பொதுவில் போடுவதில்லை. கட்டணமில்லாத விழாக்களும், விநோதப் படங்களுக்கும் திகில் படங்களுக்கும் என்றே நடக்கும் விழாக்களும் மட்டும். ஸ்பெயினின் சிட்ஜெஸ் 1968-லிருந்து நடக்கிறது, கனடாவில் ஃபேண்டாசியா, தென்கொரியாவில் புச்சன் இருக்கின்றன என்பதெல்லாம் அப்போதுதான் உட்கார்ந்து படித்தோம். அங்கெல்லாம் நுழைவோம் என்று நினைக்கவில்லை. ஆனால் அந்த வரிசைக்குக் கீழே சின்னச் சின்னதாக நிறைய விழாக்கள் உண்டு, அவர்களுக்கு ஏழு நிமிடப் படம் என்றால் வசதி. ஒவ்வொரு விழாவின் விதிமுறையையும் அச்செடுத்து, பென்சிலால் கோடு போட்டுப் படித்தபிறகே அனுப்பினோம். 9 விழா, 11 ஆயிரம் ரூபாய். மூன்றில் தேர்வானது. ஒன்று ஐரோப்பாவில், ஒன்று வட இந்தியாவில், ஒன்று சென்னையில். ஊரடங்கால் மூன்றும் இணையத்தில் நடந்தன. ஐரோப்பிய விழாவின் திரையிடல் அந்த நாட்டுக்குள் மட்டும் திறக்கும்படி பூட்டப்பட்டிருந்ததால், தன் படம் முதல் முறை வெளிநாட்டில் ஓடிய ராத்திரி அவரால் அதைப் பார்க்க முடியவில்லை.

வசன வரிகளில் (சப்டைட்டில்) சின்னச் சிக்கல். மொத்தமே 19 வரிதான். ‘ஓலை’ என்பதற்கு முதலில் வெறும் இலை என்று பொருள் வரும்படி போட்டிருந்தோம். மரமே இல்லாத படத்தில் எந்த இலை என்று வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? பார்த்த ஒரு நண்பர் கிழவி வாழையிலை தேடுகிறாள் என்று நினைத்தார். பிறகு தென்னையின் பெயரையும் சேர்த்தோம், ஆரம்பத்தில் புயலைப் பற்றி ஒரு வரியும் சேர்த்தோம்.

இதே நாட்களில் செல்போனில் மூன்று நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தார், ஐந்தாவது. ஓலைப் படத்தின் வேகத்தில் எடுத்தது. சுமார். தாண்டிப் போகலாம்.

திடலில் திரையிட்ட இரவு

2022 சித்திரைத் திருவிழாவில் அய்யனார் கோவில் திடலில் இரண்டு கம்பம் நட்டு வேட்டி கட்டி ஓலைப் படத்தைப் போட்டார். கூத்துக்கு முன்னால் ஒரு கால்மணி நேரம் கேட்டு வாங்கிய இடம். கூத்துக்கு வைத்திருந்த ஸ்பீக்கர்கள்தான், மூலைக்கு ஒன்று. சுமார் 200 பேர். பிள்ளைகள் முன்வரிசையில் “பேய் எப்ப வரும்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

முதல் ஓலைச் சத்தம் வந்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தேன். பெரியவர்கள் திரையை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து நின்று கையை நீட்டி உள்ளங்கையைத் திருப்பினார், தூறல் விழுகிறதா என்று பார்ப்பது போல. மூன்று வருடத்துக்கு மேலாக அந்தச் சத்தத்தை அந்த ஊரில் யாரும் கேட்கவில்லை. ஒரு அக்கா அழுதார். படம் முடிந்து கூத்து தொடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான். பேய் வரவில்லை.

சென்னை அழைப்பும் பழைய ஒப்பந்தமும்

இதற்கு முன்னால், 2021 கடைசியில், இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று, ஓலைப் படத்தை இரண்டு மணி நேரப் படமாக்கச் சொல்லி ஒரு தயாரிப்புத் தரப்பு. எட்டு மாதம் எழுதினார். பாட்டு வந்தது, போலீஸ்காரர் வந்தார், கிழவிக்கு ஒரு பழைய காதல் வந்தது, கடைசியில் ஓலை போய்விட்டது. 2022 நடுவில் அவரே விலகினார். எழுதியதற்கு 40 ஆயிரம் கிடைத்தது. பேசியது அதைவிட அதிகம், எழுத்தில் எதுவும் இல்லாததால் கேட்க முடியவில்லை.

இன்னொன்று ரைஸ்மில் கதையைக் கேட்டது. நாலு குட்டிக் கதைகள் சேர்ந்த ஒரு தொகுப்புக்கு. அப்போதுதான் 2017 ஒப்பந்தம் ஞாபகம் வந்தது. “அனைத்து உரிமைகளும்.” அவர் கையை விரித்துவிட்டார். தஞ்சாவூரில் ஒரு வக்கீலம்மாவிடம் காட்டினோம். அவர் இரண்டு நிமிடத்தில் படித்துவிட்டு, “எத்தனை வருஷத்துக்குன்னு எங்க போட்டிருக்கு?” என்றார். எங்கும் போடவில்லை. 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் 19-ம் பிரிவின்படி, உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றே கொள்ள வேண்டும். எந்த நிலப்பரப்புக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆக 2022 மார்ச்சில் உரிமை இவருக்கே திரும்பும். காத்திருந்தார், திரும்பியது. சேனலுக்கு வக்கீல் வழியாக ஒரு கடிதம் போனது, படத்தை எடுத்துவிட்டார்கள். அதற்குள் தொகுப்புக்காரர்கள் வேறு கதைக்குப் போய்விட்டார்கள்.

எதிர்த் தரப்பு ஒழுங்காக எழுதத் தெரியாதவர்களாக இருந்ததால் தப்பித்தது இது. ‘நிரந்தரமாக’ என்ற ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் கதையே வேறு.

ரேடியோ படம் (2023)

டெல்டாவில் ஜூன் 12 என்பது ஒரு தேதி மட்டும் இல்லை. குறுவைக்கு மேட்டூர் திறக்கிற நாள். திறக்காத வருடங்களும் உண்டு, 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் அந்தத் தேதியில் திறக்கவே இல்லை. அணையின் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் மூன்றையும் செய்தியில் கேட்டு மனப்பாடமாகச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் ஒவ்வொரு டீக்கடையிலும் இருக்கிறார்கள். இவருடைய ஆறாவது படம் அதிலிருந்து வந்தது. மதகுக் காவல் பார்த்து ஓய்வுபெற்ற லஸ்கர் ஒருவர். அவருடைய பழைய ரேடியோ ஒரு நாள் மறுநாளின் நீர்மட்டத்தைச் சொல்கிறது. பிறகு அடுத்த வருடத்தினுடையது. பிறகு இருபது வருடம் கழித்து. அவர் சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டே போகிறார்.

கிராஃபிக்ஸ் இல்லை. எதிர்காலம் முழுவதும் ஒரு குரல். நிஜமான வானொலிப் பதிவை எடுத்தால் உரிமைப் பிரச்சினை வரும், அந்தப் பாடம் படித்தாயிற்று. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரை வாசிக்கச் சொல்லி, அந்தப் பதிவைப் பழைய ரேடியோ ஒன்றின் ஸ்பீக்கர் வழியாக ஓடவிட்டு, மறுபடி மைக்கில் எடுத்தோம்.

முதல் எழுத்தில் பெருவெள்ளத்தைக் காட்ட 132 அடி என்று ஓர் எண் இருந்தது. பேச்சு வழக்கைக் கேட்டுக்கொள்ளப் போன இடத்தில் நிஜமான லஸ்கர் ஒருவர் சிரித்தார். “முழுக் கொள்ளளவே 120 அடி. அதுக்கு மேல வந்தா 16 கண் மதகுல வெளிய விட்ருவாங்க. 132-ன்னு வாசிக்கிற அளவுக்கு ஆச்சுன்னா, வாசிக்கவும் ஆள் இருக்காது, கேக்கவும் நாம இருக்கமாட்டோம் தம்பி.” இவர் அதையே முடிவாக்கிவிட்டார். 120, 120, 120 என்று மூன்று நாள் வாசித்து, பிறகு கரகரப்பு மட்டும். கிழவர் சாக்பீஸோடு நிற்கிறார்.

12 நிமிடம், 52 ஆயிரம் ரூபாய். ஆடியில் எடுத்ததால் வெளிப்புற வசனம் எதுவும் வைக்கவில்லை. ஆறு விழாக்களில் தேர்வானது. அடுத்த வருடம், 2024-ல், ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கவில்லை, ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். அணை திறக்காது என்று படத்தில் முன்கூட்டியே சொன்னதாக ஊரில் பேச்சு. அவருக்கு இதில் சந்தோஷம் இல்லை. எட்டு வருடம் தொடர்ந்து நடந்ததைச் சொல்வதற்கு ஜோசியம் எதற்கு என்றார்.

இப்போது

பெரிய படம் எடுக்கவில்லை. கல்யாண வேலை பாதியாகக் குறைந்திருக்கிறது, அவராகக் குறைத்தது. அந்த இடத்தை மற்றவர்களின் குறும்படங்களுக்குச் சத்தம் அமைக்கும் வேலை நிரப்புகிறது. அவரை இயக்குநராகக் கூப்பிடுபவர்களைவிட சவுண்டுக்குக் கூப்பிடுபவர்கள் அதிகம். இது அவருக்குக் கொஞ்சம் உறுத்தல்தான், மறைக்க வேண்டியதில்லை. ரைஸ்மில்லை நீல வட்டம் இல்லாமல் ஒன்பது நிமிடத்தில் மறுபடி எடுக்க எழுதி வைத்திருக்கிறார்.

மாற்றிச் செய்திருக்கக்கூடியவை

முதலில் என் தப்பு. 2016-ல் விதிமுறையைப் பணம் கட்டுவதற்கு முன் நான் படித்திருக்க வேண்டும், அரை மணி நேர வேலை. ஓலைப் படத்துக்கு நான் பிடித்த பிடிவாதத்திலும் இப்போது எனக்குச் சின்னச் சந்தேகம் உண்டு. ஒரு வருடம் பூட்டி வைத்ததில் விழாக்கள் கிடைத்தன. ஆனால் புயல் அடித்த ஊர்க்காரர்கள் அதைப் பார்க்க 2022 வரை காத்திருந்தார்கள். திடலில் போடுவதை எந்த விழாவும் தடுத்திருக்காது, இணையத்தில் போடுவதைத்தான் தடுத்தார்கள். அந்த வேறுபாடு எங்களுக்குத் தோன்றவில்லை. 2020 பிப்ரவரியிலேயே, ஊரடங்குக்கு முன், வேட்டி கட்டியிருக்கலாம்.

ரைஸ்மில்லுக்குக் கடன் வாங்கியிருக்கக் கூடாது என்று சொல்வது சுலபம். அவரே அதைச் சொல்வதில்லை. வட்டத்தை மட்டும் விட்டிருப்பேன் என்கிறார். கணக்கில் பார்த்தால் அந்த நீல வட்டத்துக்கு மட்டும் 70 ஆயிரம். ஓலைப் படத்தையும் அதன் விழாக் கட்டணத்தையும் சேர்த்தால்கூட 49 ஆயிரம்தான் வருகிறது.

சென்னைத் தரப்போடு எட்டு மாதம் எழுதியபோது, ஒவ்வொரு வடிவத்துக்கும் எவ்வளவு பணம், எத்தனை வடிவம் வரை, கதை வேண்டாம் என்றால் உரிமை யாருக்கு என்று ஒரு மின்னஞ்சலாவது இருந்திருக்க வேண்டும். இப்போது அவர் யார் கேட்டாலும் காலம், இடம், ஊடகம் மூன்றையும் எழுதச் சொல்கிறார். கடைசியாக வந்த ஒரு சேனல் இரண்டு வருடம், இந்தியா, இணையம் மட்டும் என்று எழுதிக் கொடுத்து ரேடியோ படத்தை வாங்கியது. முகப்புப் படத்தை மாற்றுவதானால் கேட்க வேண்டும் என்ற வரியும் உண்டு. அவர்கள் ஒரு முறை கேட்டார்கள். ஒரு பெண் பேயை ஒட்டலாமா என்று.

எழுதி முடித்ததும் அவரிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு திருத்தம் சொன்னார். வீட்டில் நின்ற மரம் 3 இல்லை, 4. ஒன்று பிறகு பட்டுப்போனது. அப்புறம், படத்தில் கேட்பது வெறும் பச்சை ஓலை இல்லை, காய்ந்த மட்டையின் உரசல் அடியில் கலந்திருக்கிறது, அது இல்லாவிட்டால் நிஜ மழை மாதிரியே இருந்து யாரும் பயப்படமாட்டார்கள் என்றார். அந்த மட்டைச் சத்தம் எங்கே எடுத்தது என்று கேட்டேன். விழுந்த மரம் ஒன்றிலிருந்து, புயலடித்த அந்த வாரமே, செல்போனில்.